ஒரு பிரிவை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

பிப்ரவரி 9, ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள ஊசிக்கு,

பம்பரம் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். இங்கேயும் எல்லோருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது. அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பத்து நிமிஷமாகப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசிவிட்டால் என்ன என்று மகள் கேட்கிறாள். ஹாஸ்டலில் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டே ஒருத்திக்கொருத்தி கடிதம் எழுதியவர்கள் நாம் என்று சொன்னேன். "ரெண்டு பேருக்கும் அப்பவே கொஞ்சம் கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உங்கள் ஆஸ்பத்திரி வேலைக்கு நீ அனுப்பிய விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பியது அவள்தான். பெயர், வயது, படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடியது. மொத்த அனுபவம் என்ற இடத்தில் பத்தொன்பது வருஷம் என்று போட்டபோது அவளுக்கே பெருமை. அடுத்த கட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டோம். 'பணிபுரிந்த பிரிவு: ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது. கீழே ஒரு பட்டியல்: டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, குழந்தைகள், பிரசவம், இதயம், எலும்பு, ஆபரேஷன் தியேட்டர். எல்லாவற்றிலும் நான் நின்றிருக்கிறேன். ஒன்றைத் தொட்டால் முன்பு தொட்டது அழிந்துபோகிறது. அந்தப் பிரிவில் எத்தனை வருஷம் என்று வேறு கேட்கிறது. ஐந்துக்குக் குறைந்தால் அடுத்த பக்கமே திறக்காது. "ஒவ்வொண்ணுலயும் எத்தனை வருஷம்மா இருந்த?" என்று கேட்டாள். கூட்டிப் பார்த்தோம். அதிகபட்சம் குழந்தைகள் வார்டில், விட்டுவிட்டு, ஒரு வருஷம் ஏழு மாசம். மற்றதெல்லாம் மாசக்கணக்கு, வாரக்கணக்கு. பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரில் அனுபவமே கிடையாது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு எதுவும் வருவதில்லை.

நீ கொடுத்துவைத்தவள். படிப்பு முடிந்த மறுவருஷமே டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் போய் நின்றாய், இன்று வரை நகரவில்லை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிறாள் என்று உனக்கு ஊசி என்று பெயர் வைத்தவள் நான். அந்தப் பெயரே உன்னை விமானம் ஏற்றிவிட்டது. என் காலில் சக்கரம் கட்டிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் எதுவும் மாறவில்லை. காலையில் போனதும் மேட்ரன் அறை வாசலில் இருக்கிற வெள்ளைப் பலகையைப் பார்க்க வேண்டும். எந்த வார்டில் ஆள் இல்லையோ அந்த வார்டு எண் என் பெயருக்கு நேரே இருக்கும். பாதி நாளில் அதையும் அழித்து வேறு எண் எழுதுவார்கள். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். எந்த வார்டுப் பதிவேட்டிலும் என் பெயர் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவர் அந்த வார்டு இன்சார்ஜ். எல்லா ஆட்டத்திலும் நான் ஒப்புக்குச் சப்பாணி.

முதலில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. "பம்பரத்தக் கூப்பிடு, அவளுக்கு எல்லாம் தெரியும்" என்று போன் வரும்போது தலை கொஞ்சம் நிமிரும். ஆனால் இன்சார்ஜ் பதவி நாலு தடவை என் மூக்கு வரைக்கும் வந்து, அந்தந்த வார்டிலேயே வேரூன்றிக் கிடந்தவர்களுக்குப் போய்விட்டது. நரம்பில் லைன் போட நான் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்த பெண் இன்றைக்குத் தீவிர சிகிச்சையில் இன்சார்ஜ். நல்ல பெண்தான், என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். "உங்கள மாதிரி எல்லாம் தெரிஞ்சவங்க இருந்தாதான் ஆஸ்பத்திரி ஓடும் சிஸ்டர்" என்று போன வாரம் சொன்னாள். என் வீட்டுக்காரரைப் பார். சட்டைக் கம்பெனியில் இருபது வருஷமாகக் காலர் மட்டும் தைக்கிறார். முழுச் சட்டை தைக்கச் சொன்னால் முழிப்பார். ஆனால் அவர் சூப்பர்வைசர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷமாக டயாலிசிஸில் மட்டும் இருப்பதாக மேட்ரனிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவிடு, எல்லோரும் செய்கிறதுதான், பரிந்துரைப்பவராக நான் கையெழுத்துப் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். இரண்டு நாள் லீவு கேட்டாலே நிமிர்ந்து பார்க்காதவர், அன்று மத்தியானமே டைப் அடித்து, முத்திரை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்றைய தேதி வரை தொடர்ச்சியாக டயாலிசிஸில் என்று இருக்கிறது. சர்வீஸ் பதிவையும் அதற்கேற்றபடி மாற்றியாயிற்று, அங்கிருந்து கேட்டால் இங்கே இடிக்காது என்றார். "நல்லபடியா போய்ச் சேரு" என்று சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அசலை இதனுடன் வைத்திருக்கிறேன்.

வேறு செய்தி ஒன்றுமில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு ஐந்தாம் வார்டில், ஒன்பதாம் படுக்கைக்காரர் இறந்துபோனார். அது இதய வார்டு, சாவு அங்கே புதிதில்லை. ஆனால் இரண்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் என்பதால் விசாரணை வைத்திருக்கிறார்கள். அந்த வார்டு இன்சார்ஜ் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பதினாலு வருஷமாக அதே வார்டில் இருக்கிறவர், உனக்குக்கூட ஞாபகம் இருக்கும், நமக்கு ஐந்து வருஷம் மூத்தவர். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சாப்பிடாதே. எழுந்து போய், கை கழுவி, ஒழுங்காகச் சாப்பிடு.

என்றும் உன்,
பம்பரம்

.

மார்ச் 2, ஞாயிறு காலை

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வேலை உறுதி என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து விசாரித்ததற்கு, நான் டயாலிசிஸில் இருப்பது உண்மைதான் என்று எங்கள் அலுவலகம் பதில் அனுப்பியதையும் எழுதியிருந்தாய். உன் பிள்ளைகள் எனக்காக அறை ஒழித்துவைத்திருப்பதைப் படித்து என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். கூடவே, என் கடிதம் டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி இருக்கிறது, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டிருக்கிறாய். நரம்பு தேடியே பழகியவள் நீ, உன்னிடம் மறைக்க முடியுமா.

உட்கார்ந்துகொண்டு படி. ஒன்பதாம் படுக்கைக்காரரைக் கொன்றது நான்.

அழாமல், கை நடுங்காமல்தான் இதை எழுதுகிறேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று பலகையில் என் பெயருக்கு நேரே மூன்று என்று இருந்தது. மூன்றாம் வார்டு, பெண்கள் வார்டு. மூன்று வாரமாக அங்கேதான் இருந்தேன். பதினொரு மணிக்கு மேட்ரன் கூப்பிட்டார். ஐந்தாம் வார்டு சிஸ்டர் ஒரு நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறாள், அரை மணி நேரம் அங்கே போய் நில் என்றார். வேறு வார்டு ஆளைத் தனியாக இதய வார்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவரே மேட்ரன்தான். ஆள் இல்லாத நாளில் யார் விதியைப் பார்க்கிறார்கள். நான் போனபோது இன்சார்ஜ் அக்கா டாக்டர்களுடன் ரவுண்டில், கடைசி அறையில் திரைக்குப் பின்னால் இருந்தார். நான் வந்ததே அவருக்குத் தெரியாது.

ஒன்பதாம் படுக்கைக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "சிஸ்டர், இது இறங்கவே மாட்டேங்குது" என்று பாட்டிலைக் காட்டினார். லைன் அடைத்திருந்தது. கொஞ்சம் சலைன் விட்டால் திறந்துகொள்ளும். நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை, அதை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை. மருந்து ட்ராலிக்குப் போனேன். மூன்றாம் வார்டு ட்ராலியில் சலைன் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். என் கை இரண்டாவது இழுப்பறைக்குப் போய்விட்டது. கண் கூடப் போகவில்லை. ஐந்தாம் வார்டில் சலைன் மூன்றாவதில் இருக்கிறது, இரண்டாவதில் பொட்டாசியம். இரண்டும் ஒரே அளவு பிளாஸ்டிக் குப்பி, உள்ளே இருப்பதும் தண்ணீர் மாதிரிதான். பொட்டாசியத்தைப் பாட்டிலில் கலக்காமல் நேராக நரம்பில் விட்டால் இதயம் நின்றுவிடும் என்று முதல் வருஷ மாணவிக்கே தெரியும்.

அவர் "எரியுது சிஸ்டர்" என்றார். அடைத்த லைனைத் திறந்தால் எரியத்தான் செய்யும் என்று நினைத்தேன். "கொஞ்ச நேரம் எரியும், சரியாயிடும்" என்று சொன்னேன். அதற்குள் போன் அடித்தது. மூன்றாம் வார்டில் ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வா என்றார்கள். நான் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் வார்டில் அபாய மணி அடித்தது. திரும்பி ஏறி எட்டிப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். யாருக்கோ நெஞ்சு நின்றிருக்கிறது, இதய வார்டில் இது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டு கீழே போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டில் யூனிஃபார்மை ஊறப்போடுவதற்கு முன்பு பையைத் துழாவினேன். காலிக் குப்பி கையில் வந்தது. குப்பைத் தொட்டி தூரத்தில் இருந்தால் பையில் போட்டுக்கொள்வது என் கெட்ட பழக்கம். அதில் இருந்த எழுத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்புறம் துணியைத் துவைத்து, அலசி, காயப்போட்டேன். மகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். குளித்தேனா இல்லையா என்று துண்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், என் பஸ் வந்து நின்று போய்விடுகிறது. மரத்துப்போகிற ஊசி போட்ட கை மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க.

இறந்தவர் ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கு இருந்தது. வார்டு இருப்பிலும் ஒரு குப்பி குறைந்தது. அக்கா விசாரணையில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? தன் கைதான் செய்திருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பாட்டிலில் ஒரு குப்பி பொட்டாசியம் கலக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். ரவுண்டுக்குப் போகுமுன் கலந்து மாட்டியவர் அக்கா. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருப்பேன், பாட்டிலைக் குலுக்காமலும் விட்டிருப்பேன் என்கிறார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மருந்தையும் எடுத்துவிடுவேன் என்று பெருமை பேசுவார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பேச்சையே இப்போது தனக்கு எதிராகத் திருப்பிக்கொண்டார். "நான் பார்க்கறதே இல்ல. பதினாலு வருஷமா கைதான் எடுக்குது. அன்னிக்கு மட்டும் பார்த்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்று விசாரணைக் குழுவிடம் கேட்டிருக்கிறார். எனக்கு எல்லா வார்டும் தெரியும், அதனால் என் கை வேறொரு வார்டுக்குப் போய்விட்டது. அவருக்கு அந்த ஒரு வார்டுதான் தெரியும், அதனால் செய்யாததைச் செய்தேன் என்கிறார். இதில் எந்தப் பிழைப்பு ஒசத்தி என்று நாம் ஹாஸ்டலில் மல்லுக்கட்டியதெல்லாம் வீண்.

அந்த அரை மணிக்கு யாரையும் அனுப்பவில்லை, அனுப்ப ஆள் இல்லை என்று மேட்ரன் எழுதிக்கொடுத்திருக்கிறார். பலகையைத் துடைத்தாயிற்று. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சான்றிதழ் ஏன் ஒரே மத்தியானத்தில் வந்தது என்று இப்போது உனக்குப் புரியும். எனக்கு அப்போதே புரிந்தது. அந்தக் காகிதப்படி நான் அன்றைக்கு டயாலிசிஸில் இருந்தேன். தெரிந்தேதான் உறையை ஒட்டி உனக்கு அனுப்பினேன். நீ ஆசையாய்க் கூப்பிட்டதை நான் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன், என்னை மன்னித்துவிடு.

வருகிற பதினேழாம் தேதி அக்காவுக்குக் கடைசி விசாரணை. நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள், அதற்கப்புறம் போலீஸ் கேஸ். அதற்கு முன்பு நான் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். அறையில் பிள்ளைகள் சாமான்களை மறுபடி வைத்துக்கொள்ளட்டும், நான் வரமாட்டேன். உனக்குத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

வீட்டுக்காரரிடம் நேற்றுதான் சொன்னேன். "நான் தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைப்பேன். உன் வேலைல அது இல்லையே" என்றார்.

என்றும் உன்,
பம்பரம்

.

மார்ச் 19, புதன் பிற்பகல்

அன்புள்ள ஊசிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போன கடிதம் உன்னை என்ன செய்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது, அதனால் நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இது உனக்கு நான் எழுதுகிறதிலேயே கஷ்டமான கடிதம். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டார். வீட்டில் சும்மா இருந்தே பழக்கமில்லாதவர், அலமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கடைசியில் என் தலையைத் தடவி, "நீ எனக்காகச் சொல்ற. அப்படியெல்லாம் பாவத்தப் பங்கு போட முடியாதும்மா. என் கையை எனக்குத் தெரியும்" என்றார். சத்தியம் பண்ணினேன். இரண்டாவது இழுப்பறை என்றேன். "என் வார்டு ட்ராலியப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று கேட்டார். கோபம்கூட இல்லை. அந்த வார்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு ஈ பறக்காது என்று அவர் நம்புகிறார். தனக்குத் தெரியாமல் நான் வந்து போனேன் என்பதைவிட, தானே கொன்றேன் என்பதை ஏற்றுக்கொள்வது அவருக்கு எளிதாக இருக்கிறது.

பதினேழாம் தேதி விசாரணைக் குழுவிடம் போனேன். அலுவலகத்தின் மாடியில், வெளியே பெஞ்சு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் படுக்கைக்காரரின் மனைவி என்று பேச்சில் தெரிந்தது. என் யூனிஃபார்மைப் பார்த்து, "நீங்க எந்த வார்டு சிஸ்டர்?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான், எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பையிலிருந்த குப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் பெரிய டாக்டர், மரியாதையாகப் பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ட்ராலி, "எரியுது" என்று ஒன்பதாம் படுக்கைக்காரர் சொன்னது, நான் சொன்ன பதில், எதையும் விடவில்லை. குப்பியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பெரிய டாக்டர் என் சர்வீஸ் கோப்பைப் புரட்டினார். "நீங்க டயாலிசிஸ்ல இருக்கீங்களேம்மா. அஞ்சு வருஷமா அங்கதான்னு இருக்கு" என்றார். அது பொய் என்றேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி கேட்டதற்கு அலுவலகமே உறுதிசெய்து அனுப்பிய பதிலின் நகலும் கோப்பில் இருந்தது, அதை எடுத்துக் காட்டினார். மேட்ரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கோப்பில் இருப்பதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குப்பிகள் ஆஸ்பத்திரி முழுக்க இருக்கின்றன, எங்கிருந்தும் எடுக்கலாம் என்றார்கள். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கூட வேலை செய்கிறவரைக் காப்பாற்ற நினைப்பது நல்ல குணம்தான், ஆனால் இப்படிச் செய்யக் கூடாது என்று பெரிய டாக்டர் புத்தி சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அதுவரை டயாலிசிஸ் சிஸ்டர் என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரே வாசல் வரைக்கும் வந்து, "டயாலிசிஸ் சிஸ்டருக்கு ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடுங்கப்பா" என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

பத்தொன்பது வருஷமாக ஒரு பிரிவின் பெயரோடு என்னைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். உனக்கு இது தெரியும், உன்மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது. இப்போது அது கிடைத்துவிட்டது. கிடைத்ததால்தான் நான் அந்த வார்டில் இல்லாதவள் ஆகிவிட்டேன்.

நேற்று வேலைக்குப் போனேன். பலகையில் என் பெயருக்கு நேரே டயாலிசிஸ் என்று எழுதி, அழியாத மையில் கட்டம் போட்டிருக்கிறார்கள். மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றேன். எல்லா இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஒரு பஞ்சைக்கூட எடுத்தேன். அங்கே இருக்கிற பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். மேட்ரன் கொடுத்த அசல் சான்றிதழ் உன்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பு. கூடவே விசாரணைக் குழுவுக்கு நீ ஒரு கடிதம் எழுது. முகவரி தனியாக வைத்திருக்கிறேன். என்னைப் படிக்கிற காலத்திலிருந்து தெரியும் என்று எழுது. நான் டயாலிசிஸ் சிஸ்டர் இல்லை, எனக்கு எந்த வார்டிலும் ஐந்து வருஷம் கிடையாது, அன்றைக்கு எங்கே அனுப்பினாலும் போய் நிற்கிறவள்தான் என்று எழுது. சான்றிதழ் எதற்காக, யார் கேட்டு வாங்கியது என்பதையும் எழுது. மேட்ரனை எதிர்த்து இங்கே எனக்காக அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தக் காகிதம் பொய் என்று வெளியே இருந்து சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

அப்படி எழுதினால் விண்ணப்பத்தில் நீ போட்ட கையெழுத்தும் பொய் என்று ஆகிவிடும். உன்னை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். இந்த மெஷினை விட்டால் எனக்கு ஒரு வேலையும் தெரியாது, ஒரு குழந்தைக்கு ஜுரம் பார்க்கக்கூடக் கை வராது என்று போன வருஷம் நீ எழுதியிருந்தாய். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். அக்காவுக்கும் வேறு வேலை தெரியாது, ஊசி. எனக்கு மட்டும்தான் எங்கே போட்டாலும் பிழைக்கத் தெரியும். ஜெயிலில் போட்டால் அங்கேயும் ஏதாவது ஒரு மூலையில் ஆள் தேவைப்படும்.

ஏப்ரல் நாலாம் தேதி தீர்ப்பு எழுதுகிறார்கள். அதற்கு முன்பு உன் கடிதம் வந்து சேர வேண்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் கைக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. எழுத முடியாவிட்டால், முடியவில்லை என்று எனக்குச் சொல்லி அனுப்பாதே. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
பம்பரம்